ஞானஸ்நானப் பீங்கான்

1998 ஜூன் 3, புதன்

வீட்டில் இருந்தவர்கள்: நான். பொறையாறு பாக்கியநாதன் சார். டென்மார்க்கிலிருந்து வந்திருக்கும் இங்கர் என்ற பெண். கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டு அமிர்தவல்லி. என் வீட்டுக்காரர் இல்லை. விருந்தாளிக்கு சோடா வாங்கக் கடைத்தெருவுக்குப் போனவர் அங்கே யாரோடோ பேசி நின்றுவிட்டார். அமிர்தவல்லி காதில் விழுந்திருக்காது, குழாய் திறந்திருந்தது. ஆகவே கேட்டது நான் ஒருத்திதான்.

அந்தப் பெண் நம் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் விட்டுப்போன சாமான்களைத் தேடித் தேடிப் படம் பிடித்து எழுதுகிறாள். எங்கள் வீட்டுப் பெரிய பீங்கானைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். அலமாரியைத் திறந்து எடுத்து மேஜையில் துணி விரித்து வைத்தேன். தவலை வாய் அகலம், முட்டை ஓடு மாதிரி வெள்ளை. இவர் வீட்டில் ஐந்து தலைமுறையாகப் பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் கோயிலில் இந்தப் பீங்கானில் வைத்த தண்ணீரால்தான் ஞானஸ்நானம். வெளிப்புறத்தில் மேஜையைச் சுற்றிச் சீடர்கள். நடுவில் நிற்பவர் ஆண்டவர், கையில் விளக்கு. எண்ணினால் சீடர்கள் பதினொரு பேர்தான் வரும். யூதாஸ் எழுந்து போய்விட்டான் என்று என் மாமனார் சொல்வார். ஒருவர் தரையில் சாய்ந்து கிடப்பார். அது கெத்செமனேயில் தூங்கிப்போன பேதுரு. உள்ளே அடியில் ஒரு படகு, கலிலேயாக் கடலில் போவது.

அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு சாரிடம் ஏதோ சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்ன சார் சொல்றாங்க?" என்றேன்.

"ரொம்ப அழகா இருக்குங்கிறா."

"அழகா இருந்தா வாயைப் பொத்திக்கிட்டா சிரிப்பாங்க?"

சார் காபியைக் கீழே வைத்தார். அவர் சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், பொய் சொல்ல வராது. "அம்மா, மனசுல வெச்சுக்காதீங்க. இது சீனாவுல செஞ்சது. அந்தக் காலத்துல கப்பல் கேப்டனுங்க ஐரோப்பாவுலேருந்து ஒரு படத்தைக் குடுத்து, இதே மாதிரி பீங்கான்ல எழுதிக் குடுன்னு ஆர்டர் பண்ணுவாங்க. சீனாக்காரன் அந்த ஊரையும் பாத்ததில்ல, அந்த மனுஷங்களையும் பாத்ததில்ல. தாள்ல இருந்ததை அப்படியே எழுதிட்டான். அதனாலதான் கண்ணு மட்டும் அவங்க ஊருக் கண்ணா வந்திருக்கு."

"எங்க ஆண்டவருக்கும் அந்தக் கண்ணுதான் சார். நாங்க அதைத் தப்பா நெனச்சதில்ல."

"அது ஆண்டவர் இல்லம்மா."

அதன் பிறகு சொன்னார். இது சாராயம் கலக்கும் சட்டி. சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, கொதிக்கிற வெந்நீர் எல்லாம் ஊற்றிக் கலக்கி, மேஜை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து குடிப்பார்களாம். படத்தில் இருப்பதும் அதுவே. நிற்கிறவன் ஊற்றிக் கொடுக்கிறவன். கீழே கிடக்கிறவன் அளவு மீறிப் போனவன். படகு, ஆர்டர் கொடுத்த கேப்டனின் கப்பல்.

ஆண்டவர் கையில் இருப்பதை மறுபடி பார்த்தேன். அகப்பை. முப்பது வருஷமாக இரண்டு வேளையும் அகப்பை பிடிக்கிறவள், அதை விளக்கு என்று நம்பியிருந்தேன்.

"சார், இவர்கிட்ட சொல்லிடாதீங்க. இவருக்கும் இதுலதான் ஞானஸ்நானம்."

"தண்ணி தண்ணிதாம்மா. நான் ஏன் சொல்லப்போறேன்."

என் வீட்டுக்காரர் சோடாவோடு வந்தார். "என்ன, எங்க பன்னிரண்டு பேரையும் பாத்தாச்சா?" என்று கேட்டார். அந்தப் பெண் தலையை ஆட்டினாள். நல்ல பெண்தான்.

சோடா ஆறு, பிஸ்கட் ஒரு பாக்கெட், பால் கூடுதலாக அரை லிட்டர்.

ஜூன் 4, வியாழன்

காலை ஜெபத்துக்கு எப்போதும் அலமாரியைப் பார்த்துத்தான் உட்காருவேன். இன்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். ஏன் என்று அவர் கேட்டார். கண் கூசுகிறது என்றேன்.

எலுமிச்சை ஊறுகாய் போட வைத்திருந்த பழங்களைப் போடாமல் விட்டேன். நாளை போடலாம்.

ஜூன் 6, சனி

எமீமா போன் செய்தாள்.

எமீமா இவர் தம்பியின் மகள். தாயும் தகப்பனும் போன பிறகு நாலு வயதிலிருந்து இந்த வீட்டில் வளர்ந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் கம்ப்யூட்டர் கிளாஸ் என்று சொல்லிப் போனவள், மாயவரத்தில் திருமுருகன் என்ற பையனைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். அவன் மின்சார வாரியத்தில் வேலை பார்க்கிறான். கெட்ட பழக்கம் கிடையாது என்கிறார்கள். நான் விசாரிக்கவில்லை, காதில் விழுந்தது.

அவர்தான் போனை எடுத்தார். எடுத்த உடனே அவர் குரல் மாறியதில் யார் என்று தெரிந்துவிட்டது. நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அப்படியா! எப்ப? இருபத்தொண்ணாந் தேதியா? ஞாயித்துக்கிழமைதானே... உன் வீட்டுக்காரரு ஒத்துக்கிட்டாரா? நல்ல மனுஷன்... பீங்கானா? அது கேக்கணுமா, அது உன்னுது. நானே ஒரு தலைகாணியில சுத்தி எடுத்துட்டு வரேன். இல்ல, நம்ம கோயில்லயே வெச்சுக்கலாமே... இரு, பெரியம்மாகிட்ட குடுக்கறேன்."

நான் கையில் மாவு என்றேன். அரிசியில் ஏது மாவு.

சாப்பிடும்போது அவர் நிறுத்தவே இல்லை. பெண் குழந்தை, மூன்று மாதம், தலைநிறைய முடியாம். ஞானஸ்நானம் நம் கோயிலிலேயே. பெரிய பீங்கானை நாளைக்கே இறக்கித் துடைக்க வேண்டும். தண்ணீரை நான்தான் வெதுவெதுப்பாக்கிக் கொடுக்க வேண்டும், எமீமாவுக்கு அன்றைக்குச் செய்தது போல.

அப்போது எனக்கு வந்த யோசனை இதுதான். பரிசுத்தமான காரியத்துக்கு அந்தச் சட்டியைக் கொடுப்பது பாவம். உண்மையைச் சொன்னால் இவர் மனம் உடைந்துபோகும். மாமனார், அவர் தகப்பனார் எல்லோருக்கும் அவமானம். ஆகையால் யாருக்கும் நோகாத வழி ஒன்றுதான்.

"பீங்கான் விரிசல் விட்டிருக்குங்க," என்றேன். "அன்னிக்கு எடுத்தப்பவே பாத்தேன். தண்ணி நிக்காது."

அவர் கையில் சோற்றோடு அப்படியே இருந்தார்.

"எங்க காட்டு."

"இப்ப வேணாம். சாப்பிடுங்க. துணியில கட்டி உள்ள வெச்சிருக்கேன், தொட்டா ரெண்டாயிடும்."

அவர் பாதியில் எழுந்துவிட்டார். அலமாரிச் சாவி என் இடுப்பில் இருந்தது. ரசம் அப்படியே மிஞ்சிவிட்டது.

ஜூன் 7, திரித்துவ ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அடுத்த வீட்டு லில்லி டீச்சர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். போதகர் ஐயா, "வருத்தப்படாதீங்க, கோயில்ல வெள்ளிக் கிண்ணம் இருக்கு," என்றார். துக்கம் விசாரிப்பது போல வந்து வந்து கேட்டார்கள். நான் தலையைக் குனிந்து நின்றேன். துக்கத்தில் நிற்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

வரும் வழியில் லில்லி டீச்சர், "அன்னிக்கு வெள்ளைக்காரப் பொண்ணு வந்து போனப்புறம் யாரு கழுவி வெச்சது?" என்று கேட்டார்.

அவர் நின்றார். "அமிர்தவல்லியா?"

துடைத்து உள்ளே வைத்தது நான். அமிர்தவல்லி காபி டம்ளர்களைத் தவிர எதையும் தொடவில்லை. இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் தெருமுனை வந்துவிட்டது, மீன்காரி கூப்பிட்டாள்.

நல்ல கிழங்கான் மீன். கூறு இரண்டு வாங்கினேன்.

ஜூன் 8, திங்கள்

அமிர்தவல்லி ஒன்பது வருஷமாக இந்த வீட்டுக்கு வருகிறாள். வந்ததும் வராததுமாக அவர் கூப்பிட்டார். கோபக்காரர் இல்லை, அதனாலேயே கோபப்படத் தெரியாமல் அதிகம் பேசிவிட்டார்.

"ஒடச்சதுக்குக்கூட நான் ஒண்ணும் சொல்லமாட்டேன் அமிர்தவல்லி. மறச்சே பாரு, அதான்."

"நான் எதை ஒடச்சேன் ஐயா?"

"பெரிய பீங்கானை."

"நான் அதைத் தொட்டதேயில்ல. அம்மாவைக் கேளுங்க. அம்மா, சொல்லுங்கம்மா."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான், "எனக்குத் தெரியல," என்றேன். தெரியாது என்று சொல்லவில்லை, தெரியல என்றேன். இரண்டும் ஒன்றுதான். எழுதும்போது வேறு மாதிரி இருக்கும் என்று பார்த்தேன், இல்லை.

"எங்க அது? எடுத்தாங்க. எங்க விரிசல், எம்மாம் பெருசு, புதுசா பழசான்னு நான் சொல்றேன். சுண்டிப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போவுது."

"அதெல்லாம் வேண்டாம்," என்று நான் சொன்னேன். சத்தமாக வந்துவிட்டது.

அமிர்தவல்லி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அப்ப சரி," என்று கொல்லைப் பக்கமாகப் போய்விட்டாள். குடையை மறந்து விட்டுப்போனாள்.

வாசலில் லில்லி டீச்சர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நெடுநேரம் ஊற்றினார்.

ஜூன் 9, செவ்வாய்

பாத்திரம் நானே துலக்கினேன். விரல் நுனியெல்லாம் எரிகிறது.

ஜூன் 10, புதன்

போன் அடித்தது. மளிகைக் கடை என்று எடுத்துவிட்டேன்.

"பெரியம்மா?"

வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

"பெரியப்பா சொன்னாரு, பீங்கான் போச்சாமே. நீங்க எப்படி இருப்பீங்கன்னுதான் நெனச்சேன். அதை நீங்க துடைக்கறப்ப மூச்சுகூட விடமாட்டீங்க. என்னைக் கிட்டவே விடமாட்டீங்க."

"ஆமா."

"பீங்கான் இல்லாட்டி என்ன பெரியம்மா. எவர்சில்வர் கிண்ணம் போதும். நான் கேக்கறது வேற. நீங்க வந்து புள்ளைய ஏந்திக்கணும். ஞானத்தாயா நிக்கணும். எனக்கு வேற யாரு இருக்கா?"

பின்னால் குழந்தை அழும் சத்தம். பசி அழுகை இல்லை, தூக்கத்துக்கு அழுவது.

"தோள்ல போட்டுத் தட்டு," என்றேன்.

"தட்டறேன். பேரு தமிழினி ரூத். நல்லாருக்கா?"

ரூத் என் தாயாரின் பெயர். வேதாகமத்தில் இருக்கிற பெயர்தான், ஊரில் எத்தனையோ ரூத் இருக்கிறார்கள்.

"பார்க்கலாம்," என்று வைத்துவிட்டேன். வரலாம் என்ற அர்த்தத்தில் சொன்னேனா வேறு அர்த்தத்திலா என்று அவர் கேட்டால் என்ன சொல்வது?

மளிகைக் கடையிலிருந்து கடைசி வரைக்கும் போன் வரவில்லை.

ஜூன் 12, வெள்ளி

அவர் கோயில் கமிட்டிக்குப் போயிருந்தார். மத்தியானம் வீட்டில் நான் மட்டும்.

இரண்டு நாளாக ஒரே எண்ணம். நான் சொன்னது பொய். அந்தப் பீங்கான் விரிசல் விட்டுவிட்டால் நான் சொன்னது பொய்யாக இருக்காது. முந்தியே சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். சாராயச் சட்டி, போனால் என்ன. இதில் பாவம் எங்கே என்று தேடித் தேடிப் பார்த்தேன், அப்போது தெரியவில்லை.

துவைக்கிற கல்லில் வைத்துக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி நன்றாகக் குளிரவிட்டேன். பிறகு அதைக் கொட்டிவிட்டு, தளதளவென்று கொதித்த வெந்நீரை ஊற்றினேன். கண்ணாடி டம்ளர் என்றால் டப்பென்று விட்டிருக்கும். இது ஆவி விட்டுக்கொண்டு அப்படியே இருந்தது. மறுபடி பச்சைத் தண்ணீர், மறுபடி வெந்நீர். பாக்கியநாதன் சார் சொன்னது அப்புறம்தான் நினைவு வந்தது. வெந்நீர் ஊற்றுவதற்கென்றே செய்த சட்டி அது.

மூன்றாம் முறை ஊற்றும்போது பின்னால் குரல்.

"ஒடஞ்ச பீங்கான்ல எதுக்கும்மா வெந்நீ ஊத்துறீங்க?"

அமிர்தவல்லி. குடைக்கு வந்திருக்கிறாள். கொல்லைக் கதவைச் சாத்தவில்லை நான்.

"கழுவறேன்."

"ஒடஞ்சதையா?"

பக்கத்தில் வந்தாள். குனிந்து வெளியே, உள்ளே, அடியில் எல்லாம் பார்த்தாள். வெந்நீரைச் சாக்கடையில் கொட்டினாள். கவிழ்த்துப் பிடித்து, விரலை மடக்கி ஒரு சுண்டு சுண்டினாள். கோயில் மணி மாதிரி நின்றது சத்தம்.

"சட்டி வாங்கப் போனா எங்கூட்டுச் சின்னக்குட்டிகூட சுண்டிப் பாத்துத்தான் வாங்கும்," என்றாள். "ஏம்மா?"

"உனக்குப் புரியாது."

"புரிய வேணாம். என் பேரு எதுக்கும்மா இதுல? வேற பேரே கெடைக்கலியா? பூனை தள்ளுச்சுன்னு சொல்லியிருந்தாக்கூட ஐயா நம்பியிருப்பாரு."

"நான் உன் பேரைச் சொல்லல அமிர்தவல்லி."

"ஆமா. நீங்க எதையுமே சொல்லல."

பீங்கானைத் தன் புடவையால் துடைத்து, உள்ளே கொண்டுவந்து மேஜை மேல் வைத்தாள். நான் கேட்கவில்லை, அவளே வைத்தாள். குடையை எடுத்துக்கொண்டாள். "ஐயாகிட்ட நான் சொல்லப்போறதில்ல. சொன்னா யாரு நம்புவா," என்று போனாள்.

பீங்கானைத் துணியில் கட்டி மறுபடி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். உடையவில்லையே என்று ஆறுதலாக இருந்ததா, ஏமாற்றமாக இருந்ததா, இதை எழுதும்போதும் தெரியவில்லை. விறகு வீணாகச் செலவு.

ஜூன் 13, சனி

லில்லி டீச்சர் வீட்டிலும் வேலை செய்யும் அமிர்தவல்லியிடம் இப்போது எவர்சில்வர் மட்டும் போடுகிறார்களாம். கண்ணாடிச் சாமானை டீச்சரே கழுவிக்கொள்கிறாராம். "முன்ஜாக்கிரதைதான், வேற ஒண்ணுமில்ல," என்று மதில் வழியாகச் சொன்னார். ஊறுகாய்க்கு எலுமிச்சை கேட்டார், கொடுத்தேன். எல்லாப் பழத்தையும் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 14, ஞாயிறு

இன்று கோயிலில் திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் வாங்க எல்லோரும் எழுந்து போனார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் வலி என்று பக்கத்தில் இருந்த அம்மாளிடம் சொன்னேன். பொய்க்கு மேல் பொய், அதுவும் எந்த இடத்தில்! போதகர் ஐயா பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை என் பக்கம் பார்த்தார். முப்பது வருஷத்தில் நான் போகாமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

அவர் கவனித்திருக்கிறார். வழியில் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "இப்ப சொல்லு நேசம்," என்றார்.

அலமாரியைத் திறந்து துணியை அவிழ்த்துப் பீங்கானை அவர் முன்னால் வைத்தேன். அவர் விரலால் விளிம்பைச் சுற்றி வந்தார். உள்ளே கையை விட்டுத் தடவினார். முகம் மலர்ந்துவிட்டது மனிதருக்கு.

"ஒடையல!"

"ஒடையல."

"அப்ப?"

பாக்கியநாதன் சார் சொன்னதை எல்லாம் சொன்னேன். சாராயம், வெந்நீர், அகப்பை, தரையில் கிடக்கிறவன். அவர் மனம் உடையும் என்று பயந்தேனே, அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார்.

"எங்கப்பா சாராயக் கடை இருக்கற தெருவுலகூட நடக்கமாட்டாரு! சுத்திக்கிட்டுப் போவாரு! அவருக்குச் சாராயச் சட்டித் தண்ணியத் தெளிச்சிருக்காங்க... அப்ப பேதுரு தூங்கலியா? மட்டையா?"

"சிரிக்காதீங்க. ஆண்டவர்னு சொல்லி ஜெபம் பண்ணியிருக்கேன் நான்."

"நீ ஆண்டவரைத்தானே நெனச்சு ஜெபம் பண்ணே. குடிகாரனை நெனச்சா பண்ணே?"

எனக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. அதற்குள் அவர் நிறுத்திவிட்டார்.

"சரி, அது கெடக்கட்டும். இதை என்கிட்ட சொல்லியிருக்கலாம். போதகர்கிட்ட கேட்டிருக்கலாம். ஒடஞ்சுபோச்சுன்னு ஏன் சொன்னே?"

"உங்களுக்கு வருத்தமா..."

"எனக்கு வருத்தமா இருக்கும்னா? ஒடஞ்சுதுன்னு சொன்னப்ப எனக்கு வருத்தமா இல்லியா?"

நான் துணியை மடிக்க ஆரம்பித்தேன்.

"எமீமா கேக்காம வேற யாராவது கேட்டிருந்தா, ஒடஞ்சுடுச்சுன்னு சொல்லியிருப்பியா?"

அடுப்பில் பால் இருந்தது. பொங்கிவிடும் என்று எழுந்து போனேன்.

ஜூன் 15, திங்கள்

பால் பொங்கவில்லை. அடுப்பே பற்றவைக்கவில்லை. நேற்று எழுதியதை இன்று திருத்துகிறேன்.

காலையில் இருவரும் அமிர்தவல்லி வீட்டுக்குப் போனோம். நான் முதல் தடவை போகிறேன், ஒன்பது வருஷத்தில். அவள் வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். நாற்காலி இல்லை என்று பக்கத்து வீட்டில் ஒன்று வாங்கி அவருக்குப் போட்டாள். எனக்கு ஒரு பலகை.

அவர் கையைக் கூப்பிவிட்டார். "தப்பா பேசிட்டேன் அமிர்தவல்லி."

"நீங்க கையை இறக்குங்க ஐயா. நீங்க பேசினது எனக்குக் கோவமேயில்ல. நீங்க தெரியாம பேசினீங்க."

பிறகு என்னைப் பார்த்தாள். நான் சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். "மன்னிச்சுக்க," என்பது மட்டும் வந்தது.

"மன்னிக்கறதுக்கு என்னம்மா. அது என்கிட்ட இருக்கு, குடுத்துடுவேன். பேரு டீச்சரம்மா வீட்டுல இருக்கு, குழாயடியில இருக்கு. அதை யாரு வாங்கிக் குடுப்பா?"

"நான் டீச்சர்கிட்ட சொல்றேன்."

"காதோட சொன்னா காதோட நின்னுக்கும். ஐயா கோயில் வாசல்ல நாலு பேரு முன்னாடி சொன்னாரு. நீங்களும் நாலு பேரு முன்னாடி சொல்லுங்க."

சாயங்காலம் தண்ணீர் விடும் நேரத்துக்குக் குழாயடிக்குப் போனேன். குடம் எடுத்துப் போகவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், எங்கள் வீட்டில் கிணறு இருக்கிறது. லில்லி டீச்சர் மதிலுக்கு வந்து நின்றார்.

"பீங்கான் ஒடையல," என்றேன். "அமிர்தவல்லி ஒடைக்கல. நான் பொய் சொன்னேன்."

யாரோ குடத்தை நகர்த்தினார்கள். பிறகு ஒருத்தி, "அதுக்கு எதுக்கும்மா அழுவுறீங்க?" என்றாள். நான் அழுதது எனக்குத் தெரியாது.

அமிர்தவல்லி வரிசையில்தான் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. அவள் முறை வந்ததும் குடத்தை வைத்தாள்.

ஜூன் 16, செவ்வாய்

அமிர்தவல்லி வரவில்லை. வருவாள் என்று நான் எதிர்பார்க்கக்கூடாது.

அவர் எமீமாவுக்குப் போன் செய்தார். சந்தோஷமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "பீங்கான் ஒடையவேயில்லம்மா, முழுசா இருக்கு!" என்று ஆரம்பித்தார். பிறகு அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. "இல்லம்மா... அவ வேணும்னு... இரும்மா, கேளு..."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"என்ன சொன்னா?"

"'எனக்கா பொய் சொன்னாங்க?'ன்னு கேட்டா. அவ்வளவுதான். வெச்சுட்டா."

மத்தியானம் மறுபடி செய்தார். அந்தப் பையன் எடுத்திருக்கிறான். மரியாதையாகத்தான் பேசினானாம். "மாமா, இப்ப வேணாம். அவ சாப்பிடாம படுத்திருக்கா. புள்ள நான் பாத்துக்கறேன்." மாமா என்று கூப்பிட்டிருக்கிறான். இவர் அதைச் சொல்லும்போது எனக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

நான் போன் செய்தால் எடுக்கமாட்டாள், எடுக்காமல் இருக்க நியாயம் உண்டு. இன்லண்டு கடிதம் எழுதப் போகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், வேதாகமத்தைப் பார்த்துப் பார்த்துக் கையெழுத்து வந்தது. தப்பில்லாமல் வர வேண்டும் என்று முதலில் இதிலேயே எழுதிப் பார்க்கிறேன்.

எமீமாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். பீங்கான் உடையவில்லை. நீ கேட்டாய் என்பதற்காகவே உடைந்துவிட்டது என்று சொன்னேன். அது சாராயம் கலக்கச் செய்த பாத்திரம் என்று அதற்கு மூன்று நாள் முன்புதான் தெரிந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். அது தெரியாமல் இருந்திருந்தால் வேறு சாக்குத் தேடியிருப்பேன்.

நீ போன அன்று உனக்கு என்று இறால் வாங்கித் தொக்கு செய்து மூடி வைத்திருந்தேன். கிளாஸ் முடிந்து வருவாய் என்று விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் வாசலில் நின்றேன். நீ கல்யாணம் செய்துகொண்டது எனக்குக் கோபம் என்று ஊரெல்லாம் நினைக்கிறது. உன் வீட்டுக்காரர் என்ன மதம் என்பதும் கோபம் இல்லை. காலையில் என் கையால் தலை வாரிக்கொண்டு போனாய், என்னிடம் சொல்லாமல் போனாய். அது ஒன்றுதான். அதை உன்னிடம் கேட்க எனக்கு இரண்டு வருஷமாக வாய் வரவில்லை. கேட்காமல் வைத்திருந்தது இப்படி வெளியே வந்துவிட்டது. அமிர்தவல்லி மேலும் பழி விழுந்தது. அவளிடம் சொல்லியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமைக்கு எந்தப் பாத்திரம் என்பதை நீயும் உன் வீட்டுக்காரரும் முடிவு செய்யுங்கள். பெரியப்பா பீங்கானைக் கொண்டுவருகிறேன் என்கிறார். போதகர் ஐயாவிடமும் சொல்லிவிட்டோம், அவருக்குத் தடை இல்லை. எவர்சில்வர் கிண்ணம் என்றாலும் சரி.

நான் வந்து குழந்தையை ஏந்தலாமா? அது வேண்டாம் என்றால் கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன். வரவே வேண்டாம் என்றாலும் எழுது, வரமாட்டேன். எதுவானாலும் உன் வாயால் தெரிய வேண்டும்.

ஞாயிறு இருபத்தொன்றாம் தேதி. நாள் குறைவாக இருக்கிறது. சீக்கிரம் பதில் சொல்.